பக்கத்திலேயே இருக்கும் பிரிண்டர் ஏன் தெரிவதில்லை?

கேபிளில் இணைத்த கணினிக்குப் பிரிண்டர் தெரிகிறது. வைஃபையில் இருக்கும் மடிக்கணினிக்குத் தெரியவில்லையே?

மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் ரவுட்டரில், வைஃபை சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் ‘ஏபி ஐசொலேஷன்’ இயங்கிக்கொண்டிருக்கும். அணைத்துவிடுங்கள்.

நெட்வொர்க்கில் எதுவுமே தெரியவில்லை. உடனடித் தீர்வு தேவை.

எந்தச் சாதனம்? விண்டோஸா, லினக்ஸா? ரவுட்டர் ஒன்றா, இரண்டா? மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மருத்துவரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் எந்த மருந்தைத் தருவார்?

பிரிண்டரின் லோக்கல் பெயரோடு (‘.local’ என்று முடிவது) திடீரென ‘-2’ ஒட்டிக்கொண்டது. வைரஸா?

இல்லை. அதே பெயரில் இன்னொரு சாதனம் இருக்கிறது. ஒன்றின் பெயரை மாற்றுங்கள்.

ஃபயர்வாலை முழுவதும் அணைத்த பிறகுதான் பிரிண்டர் தெரிந்தது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. இந்த ‘வைத்தியத்தை’ வாரம் ஒருவராவது எழுதுகிறீர்கள், படிக்கும்போதெல்லாம் பதறுகிறது. நடப்பது இவ்வளவுதான்: ‘இங்கே பிரிண்டர் உண்டா?’ என்று உங்கள் கணினி 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ஒரு சிறு யுடிபி செய்தி அனுப்புகிறது (இந்த முறைக்குப் பெயர் எம்டிஎன்எஸ்). பிரிண்டர் தன் பெயரையும் போர்ட்டையும், அதாவது தன்னோடு பேச வேண்டிய வாசல் எண்ணையும், பதிலாகச் சொல்கிறது. இதற்கு வேண்டியது யுடிபி 5353 என்ற ஒரே ஒரு திறப்பு. ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டிய இடத்தில் வீட்டுச் சுவரையே இடித்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு ஒரு சிறு அலுவலகத்தில் இப்படி அணைத்து வைத்திருந்த மடிக்கணினியைப் பார்த்தேன். சம்பளப் பட்டியல் இருந்த ஃபோல்டர் அங்கிருந்த அத்தனை பேருக்கும் திறந்து கிடந்தது. அணைத்துவிட்டுப் போன தொழில்நுட்பருக்கு ஒரு விதி எழுத இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இன்னொன்று, எத்தனை முறை சொன்னாலும் போதாது: சாதனங்களைத் தேடும் இன்னொரு முறையான எஸ்எஸ்டிபி பயன்படுத்தும் 1900 போர்ட்டை இணையத்தின் பக்கம் திறக்காதீர்கள். யாரோ ஒருவர் பொய்யான அனுப்புநர் முகவரியோடு சின்னக் கேள்வி அனுப்புவார். உங்கள் சாதனம் அதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு பதிலை அப்பாவி ஒருவர்மேல் கொட்டும்.

நூறு சென்சார்களையும் கண்டுபிடிக்க நொடிக்கொரு முறை எம்டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் நிரல் எழுதியிருக்கிறேன். வைஃபை திணறுகிறது.

திணறாமல் என்ன செய்யும்? இப்படிப் பல சாதனங்களுக்கும் ஒரே நேரத்தில் போகும் மல்டிகாஸ்ட் செய்தி வைஃபையில் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில்தான் போகிறது. கேள்விகளின் இடைவெளியை 1 நொடி, 2, 4 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். 1 மணி நேரம் வரை நீட்டலாம். ஏற்கெனவே தெரிந்த பதில்களைக் கேள்வியோடு சேர்த்து அனுப்பினால், அந்தச் சாதனங்கள் மறுபடி பேசாது. 2013இல் வெளிவந்த எம்டிஎன்எஸ் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6762இல் இவையெல்லாம் இருக்கின்றன. நிரல் எழுதும் முன் அதைப் படித்திருக்க வேண்டும்.

மாடியில் தனி சப்நெட் (ரவுட்டரால் பிரிக்கப்பட்ட நெட்வொர்க் பகுதி). கீழ்த்தளப் பிரிண்டர் அங்கே தெரியுமா?

தானாகத் தெரியாது, இந்தச் செய்திகளை ரவுட்டர் அப்பால் விடுவதில்லை. இரண்டு சப்நெட்டிலும் கால் வைத்திருக்கும் லினக்ஸ் கணினி ஒன்றில் அவாஹி என்ற எம்டிஎன்எஸ் மென்பொருளின் ரிஃப்ளெக்டரை இயக்குங்கள்; ஒரு பக்கத்துச் செய்தியை அது மறுபக்கத்துக்குக் கடத்தும். அதன் ஃபயர்வாலிலும் 5353 மட்டும்.