ஸ்டைல் மெட்டோடு ஒட்டவில்லையா? பிரேஸ் பார்ட்டை நிறுத்திப் பாருங்கள்

வணக்கம். யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700 கீபோர்டில் கீரவாணி ராகச் சாயல் மெட்டுக்கு ஏ மைனர் கார்டு பிடித்தால் ஸ்டைல், அதாவது கீபோர்டு தானாக வாசிக்கும் பின்னணி, மெஷின் மாதிரி தனியாக ஓடுகிறது என்றீர்கள். டெம்போவை மாற்றிப் பயனில்லை.

பெரும்பாலும் ஸ்டைலில் சின்னச் சின்ன மெட்டுத் துணுக்குகளை வாசிக்கும் பிரேஸ் 1, பிரேஸ் 2 பார்ட்டுகள்தான் காரணம். உங்கள் மெட்டில் ஜி ஷார்ப் இருக்கிறது. சாதாரண மைனருக்கு எழுதிய பிரேஸ் ஜி நேச்சுரலை வாசித்து உரசும். சேனல் ஆன்/ஆஃப் பக்கத்தில் இரண்டையும் நிறுத்துங்கள். பிறகும் உரசினால் அந்த பாரில் (தாளத்தின் ஒரு சுற்றில்) ஏ, ஈ மட்டும் பிடியுங்கள். கீபோர்டு அதை 1+5 கார்டாக எடுத்துக்கொண்டு மூன்றாம் சுரத்தை விட்டுவிடும்.

அடுத்தது பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கனத்த சுரம். கார்டு பிடிக்கும் முறையை ஃபிங்கர்டு ஆன் பேஸ் என்பதற்கு மாற்றுங்கள். கார்டில் நீங்கள் பிடிக்கும் ஆகக் கீழான சுரமே பேஸ் ஆகும். ஏ மைனரிலிருந்து ஈ மேஜருக்குப் போகும்போது ஜி ஷார்ப்பை அடியில் வைத்தால் பேஸ் அரைச்சுரம் இறங்கி ஏறும். பேஸ் குதிப்பது நின்றாலே பாதி செயற்கைத்தனம் போய்விடும்.

கார்டை பீட்டுக்கு மயிரிழை முன்னால் மாற்றுங்கள். தாமதித்தால் பழைய கார்டின் பேஸ் ஒரு அடி விழுந்து, உடனே புதியதற்குத் தாவும். காதுக்கு அது அப்பட்டமாகத் தெரியும்.

நாலு வரிக்கு ஒரு ஃபில் (பகுதி மாறும்போது வரும் டிரம் உருட்டல்) போடும் பழக்கம் வேண்டாம். ஆட்டோ ஃபில்லை அணைத்துவிட்டு, ஸ்டைலின் மெயின் பகுதிகளில் பல்லவிக்கு ஏ, சரணத்துக்கு பி என்று நேராக மாறுங்கள். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் பாரில் மட்டும் ஆட்டோ ஃபில்லை மீண்டும் ஆன் செய்து ஃபில் போடுங்கள், அதுவும் மெயின் ஏ பட்டனை பாரின் முதல் பீட்டுக்குச் சற்று முன் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் பாதி உருட்டல்தான் கேட்கும்.