படைகளை நவீனமாக்கும்போது முதலில் மாற வேண்டியது தளவாடமா, தலைமைத்துவமா?

தலைமைத்துவம்தான் என்பேன். நான் படையில் இருந்தவன் இல்லை. இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக ஓடிவிட்டு, இப்போது திருகோணமலையில் வீட்டோடு இருக்கிறேன். ஆனால் போர்க்கப்பலோ சரக்குக் கப்பலோ, கீழே நிற்பவன் கண்டது மேலே இருப்பவர் காதுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் எந்தப் புது இயந்திரமும் உதவாது.

தேர்ட் எஞ்சினியராக இருந்தபோது ஒரு நாள் விடியப்புறம், என் கடமை நேரத்தில், ஜெனரேட்டரின் டீசல் குழாய் இணைப்பு விட்டு, சூடான புகைக்குழாயில் எண்ணெய் பட்டுத் தீப்பிடித்தது. கையில் அகப்பட்ட இரண்டு தீயணைப்பான்களோடு அணைத்துவிட்டோம். பிறகு விசாரித்தால், இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஒயிலர் பையன் ஒருவன் முதல் நாளே அங்கே கசிவைக் கண்டிருக்கிறான். ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தின கிழமை சீஃப் எஞ்சினியரை நித்திரையால் எழுப்பிய இன்னொருவன், இதற்கா எழுப்பினாய் என்று எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியிருந்தான். 'சந்தேகம் என்றால் என்னைக் கூப்பிடு' என்று கட்டளைப் புத்தகத்தில் அதே சீஃப் தன் கையால் எழுதியிருந்தார்!

அடுத்து வந்த சீஃப் வேறு மாதிரி. அதே பையன் ஒரு நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு, கசிவு என்று அவரைக் கூப்பிட்டான். வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார், வெறும் தண்ணீர். 'நல்லது, கூப்பிட்டாயே' என்று சொல்லி, அவனோடு நின்று ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் யாரும் எதையும் மறைத்ததாக எனக்கு நினைவில்லை.

2017 ஜூனில் ஜப்பானுக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு கொள்கலன் கப்பலோடு மோதி 7 பேர் இறந்தார்கள். கப்பல்கள் நெருங்கி வந்தால் கப்டனைக் கூப்பிட வேண்டும் என்று கட்டளை இருந்தது, கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் பக்கம் ஜோன் மெக்கெய்ன் என்ற இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பல் மோதி 10 பேர் இறந்தார்கள். அதில் இருந்தது நவீன தொடுதிரைக் கட்டுப்பாடு. அதை ஒழுங்காகப் பழகாத ஆட்கள், சுக்கான் வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தடுமாறினார்கள். பிறகு அந்தக் கடற்படை, வேகக் கட்டுப்பாட்டுக்குப் பழைய கைப்பிடிகளையே திரும்பப் பொருத்த முடிவெடுத்தது. பணத்துக்கோ தொழில்நுட்பத்துக்கோ அங்கே என்ன குறை?

நம் நாட்டுக்கு இது இப்போது இன்னும் அவசரம். இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலிருந்த இராணுவ ஆளணியை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். கடற்படையில் கோவாவில் புதிதாகக் கட்டிய சயுரலவும் இருக்கிறது, அமெரிக்கக் கரையோரக் காவல்படையில் ஐம்பது வருடம் ஓடிவிட்டு வந்த கஜபாகுவும் இருக்கிறது. ஆள் குறையக் குறைய, ஒருவன் தலையில் மூன்று பேரின் வேலை விழும். அவன் 'சேர், இது சரியில்லை' என்று சொல்லப் பயந்தால், அவனுக்குப் பின்னால் நின்று பார்க்க வேறு ஆள் இருக்கப்போவதில்லை. ஆகவே பதவி உயர்வு கொடுக்கும்போது, கெட்ட செய்தி கொண்டுவந்தவனை அந்த அதிகாரி எப்படி நடத்தினார் என்று அவருக்குக் கீழே வேலை செய்தவர்களிடமே கேட்க வேண்டும். அப்புறம் மொழி. கிழக்கில் கடமை செய்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மீனவர் சொல்ல வருவதில் பாதி கரையிலேயே நின்றுவிடும்.

போன மாதம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அதன் வாசலால்தான் போக வேண்டும். அங்கே நின்ற சிங்களப் பையன், 'ஐயா, மெதுவாப் போங்கோ, மான் குறுக்க வரும்' என்றான். எங்கே தமிழ் படித்தாய் தம்பி என்று கேட்டேன். கோயிலடிக் கடைக்காரரிடமாம்.

'உங்கள் பெரியவருக்கும் தமிழ் தெரியுமா?'

'கொஞ்சம். பின்னேரத்தில என்னட்டக் கேட்டுத்தான் சேர் எழுதிப் படிக்கிறார்.'