பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்து தேறிய குழந்தையின் வளர்ச்சி பின்னாளில் பாதிக்கப்படுமா?

ஏற்காட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 10 மாதத்தில் இந்தக் காய்ச்சல் வந்து பிழைத்த மகனுக்கு இப்போது 15 மாதம். நன்றாக நடக்கிறான், ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை.

முதலில் காதைப் பாருங்கள், இந்த வாரமே. இந்த நோய் விட்டுச்செல்லும் குறைகளில் அதிகம் காணப்படுவது காதுகேளாமைதான். அழற்சி உள்காதுக்குப் பரவினால் நத்தைச்சுருள் போன்ற அந்த உறுப்புக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம். சிலருக்குச் சில வாரங்களிலேயே அது தொடங்கிவிடும். அடைத்தபின் காக்ளியர் கருவி (உள்காதில் பொருத்தி, கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவி) பொருத்துவது கடினம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து, 'திரும்புகிறானே' என்று விட்டுவிடவும் கூடாது. தரை அதிர்வும் நிழலும்கூடக் குழந்தையைத் திருப்பும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் 'பெரா' பரிசோதனை (ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் மின்பதிலை அளப்பது) பற்றிக் கேளுங்கள். தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு ஒட்டிகளை வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. கருவி தேவைப்பட்டால் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

சரி, மற்றவை? வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுத் தாமதம் சிலருக்கு வரும். கவனக்குறைவும் கணக்கில் தடுமாற்றமும் பள்ளி போனபிறகே தெரியலாம். அப்போது "சோம்பேறி" என்று அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். பள்ளியில் சேர்க்கும்போதே இந்த நோய் வந்ததைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் பெரிய குறையில்லாமல்தான் வளர்கிறார்கள்.

அப்புறம், இந்த நோயைத் தரும் சில கிருமிகளைத் தடுக்கும் பென்டாவேலன்ட், நியுமோகாக்கல் தடுப்பூசிகள் ஏதும் விடுபட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.