பொய் சொல்லத் தெரியாத கல்: வாசகர் கேள்வி – பதில்

மாயப் புனைகதைகளில் வரும் மந்திரப் பொருள்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். எல்லோரும் மோதிரத்தைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். ஆனால் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும், தொலைவைக் காட்டும் பலந்தீர் என்ற கல்லைப் பற்றித்தான் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: பலந்தீரைச் செய்தது யார்? சௌரான்தான் செய்தான் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வது தவறு. சௌரான் கதையின் பெரிய எதிரி, கல்லைச் செய்தவன் அல்ல. ஆனால் அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் கதையில் அந்தக் கல் நம் கண்ணில் படும்போதே அது கெட்டுப்போனவர்கள் கையில் இருந்துதான் வந்து விழுகிறது. செய்தவர்கள் எல்ஃப்களில் நோல்டோர் குலத்தார், கடலுக்கு அப்பால் மேற்கே அவர்கள் வாழ்ந்த பழங்காலத்தில். ஒருவேளை அவர்களில் ஒருவரான ஃபியனோரே செய்திருக்கலாம் என்கிறார் மந்திரவாதி காண்டால்ஃப். சில்மரில் மணிகளைச் செய்த அதே ஃபியனோர்தான். டோல்கீன் உருவாக்கிய குவென்யா மொழியில் 'பலன்' என்றால் தொலைவு, 'டிர்' என்றால் உற்றுப் பார்ப்பது. தொலைவைப் பார்க்கும் பொருள், அவ்வளவுதான் பெயர்.

அது மனிதர்கள் கைக்கு வந்த கதையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நூமெனோர் தீவில் சௌரானின் நிழல் விழுந்து, எல்ஃப்கள் அங்கே வந்துபோக முடியாத நிலை வந்தபோது, அவர்களோடு நட்பை விடாமல் இருந்த சிறு கூட்டத்துக்கு ஆறுதலாக இந்தக் கற்கள் கொடுக்கப்பட்டன. அந்தக் கூட்டத்தின் தலைவர் அமண்டில் பெற்றுக்கொண்டார். வேவு பார்ப்பதற்கு அல்ல, பிரிந்துபோகும் நண்பர்கள் கொடுத்துவிட்டுப் போன பரிசு அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படித்தால் கதையே வேறு மாதிரி தெரியும்.

கேள்வி: ஏழு கற்கள் எங்கெங்கே இருந்தன? வரைபடத்தில் தேடித் தேடிக் குழம்பிவிட்டேன்.

பதில்: நூமெனோர் கடலில் மூழ்கியது இரண்டாம் யுகம் 3319-இல். அமண்டிலின் மகன் எலெண்டிலும் அவருடைய இரண்டு மகன்களும் ஒன்பது கப்பல்களில் தப்பி வந்தபோது ஏழு கற்களும் கூடவே வந்தன. வடக்கே ஆர்னோரில் மூன்று: அன்னூமினாஸ், அமோன் சூல், எமின் பெரைட் குன்றுக் கோபுரம். தெற்கே கோண்டோரில் நான்கு: ஒஸ்கிலியத், மினாஸ் இதில், பின்னாளில் மினாஸ் திரித் என்று பெயர் மாறிய மினாஸ் அனோர், ஐசன்கார்டில் ஆர்தங்க் கோபுரம். தகப்பன் வடக்கிலும் பிள்ளைகள் தெற்கிலும் ஆண்ட இரண்டு நாடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இவைதான் வழி.

மூன்றாம் யுகத்தில் ஒவ்வொன்றாகப் போயின. 1437-இல் உள்நாட்டுப் போரில் ஒஸ்கிலியத் எரிந்தபோது தலைமைக் கல் ஆண்டுயின் ஆற்றில் விழுந்து மறைந்தது. 1975-இல் வடக்கின் கடைசி அரசர் அர்வெடுயின் ஏறிய கப்பல் பனிக்கடலில் நொறுங்கி, அன்னூமினாஸ், அமோன் சூல் கற்கள் இரண்டும் அவரோடு மூழ்கின. 2002-இல் மினாஸ் இதில் வீழ்ந்து அதன் கல் எதிரியிடம் போனது. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான், ஏனென்றால் அதற்கப்புறம் மிச்சமிருந்த கல்லை யார் தொட்டாலும் மறுமுனையில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கேள்வி: கல்லுக்குள் பார்த்தால் எல்லாமே தெரிந்துவிடுமா? சுவருக்குப் பின்னால் இருப்பதுகூடவா?

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல ஆசை. டோல்கீன் இதைப் பற்றித் தனியாக எழுதி வைத்திருந்தார், அவர் மறைந்த பிறகு 1980-இல் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' நூலில் அது வந்தது. ஒரு பொறியாளர் எழுதிய கையேடு மாதிரி இருக்கும்.

சும்மா இருக்கும்போது கல் கருகருவென்று இருக்கும், குறையே இல்லாத உருண்டை. சின்னக் கற்களின் குறுக்களவு சுமார் ஓர் அடி. ஒஸ்கிலியத், அமோன் சூல் கற்கள் ஓர் ஆள் தூக்க முடியாத பெரியவை. கற்களுக்கு மேல், கீழ் உண்டு. கீழ்முனை கீழே இருக்கும்படி சரியாக வைத்தால்தான் வேலை செய்யும், அதோடு எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும்: மேற்கே பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் கல்லுக்குக் கிழக்கே நிற்க வேண்டும், சுமார் மூன்றடி தள்ளி. முதலில் எல்லாம் தூரத்தில் குட்டியாகத் தெரியும். மனதைக் குவித்தால் ஓர் ஆளை அடையாளம் காணும் அளவுக்குப் பெரிதாகும், இன்னும் அழுத்திக் குவித்தால் அவர் கையில் மோதிரம் இருக்கிறதா என்பது வரை பார்க்கலாம். ஆனால் அதற்குப் பயங்கரமான உழைப்பு வேண்டும்.

சுவரும் மலையும் அதற்குத் தடையே இல்லை. இருட்டுதான் தடை. மலையைத் துளைத்துக்கொண்டு பார்க்கும் கல்லுக்கு, அந்த மலைக்குள் விளக்கில்லாத ஒரு குகை இருந்தால் அதற்குள் இருப்பது தெரியாது, ஏனென்றால் கல் தானாக ஒளி தராது. ஒலியும் கேட்காது. இரண்டு கற்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நினைப்பது மற்றவருக்குப் பேச்சுபோல வந்து சேரும், அந்த வகையில்தான் உரையாடல். மற்றவர்கள் பேசிக்கொள்வதைக் கவனிக்கும் சக்தி ஒஸ்கிலியத் கல்லுக்கு மட்டும் இருந்தது. இவ்வளவு தடைகளை எழுதி வைத்ததால்தான் அந்தக் கல் எனக்கு நிஜமான பொருளாகத் தோன்றுகிறது.

கேள்வி: டெனெதோரைச் சௌரான் பொய்யான காட்சிகளைக் காட்டி ஏமாற்றினானா?

பதில்: இல்லை. கல்லைப் பொய் சொல்ல வைக்க முடியாது, சௌரானாலும் முடியவில்லை. கோண்டோரை ஆண்ட டெனெதோர் பார்த்தது எல்லாமே உண்மை. சௌரானின் நாடான மோர்டோரின் படைகள் உண்மை, அவற்றின் எண்ணிக்கை உண்மை. அவர் கடைசியாகச் சொல்லும் கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்ததும் உண்மைதான். அந்தக் கப்பல்களை இரண்டு நாளுக்கு முன்பே அராகார்ன் கைப்பற்றியிருந்தார், வந்தது எதிரி அல்ல, உதவி. அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

சௌரானால் செய்ய முடிந்தது, எதைப் பார்க்க விடுவது என்று தேர்ந்தெடுப்பது மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது. டெனெதோரைக் கோழை என்றோ பைத்தியம் என்றோ சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. அவர் சௌரானுக்கு அடிமையாகவே இல்லை. அரசரில்லாத நாட்டின் காவல் ஆளுநர் என்ற முறையில் கல்லைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது, அந்த உரிமைக்குக் கல் ஒத்துழைத்தது, வருடக்கணக்காகத் தனியாக நின்று எதிரியோடு மனதால் மல்லுக்கட்டி, வயதுக்கு முன்பே கிழடாகிப்போன மனிதர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து 'அந்தக் கப்பலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?' என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் அவருடைய கேடு. எத்தனை முறை படித்தாலும் அந்த அத்தியாயம் என்னை உலுக்கிவிடுகிறது.

ஆர்தங்கில் இருந்த மந்திரவாதி சாருமான் கதை வேறு. மூன்றாம் யுகம் 3000 வாக்கில் ஆர்தங்க் கல்லைத் துணிந்து பார்த்தார், மாட்டிக்கொண்டார். அவருக்கு அந்த உரிமை கிடையாது.

கேள்வி: அப்படியானால் அராகார்ன் மட்டும் எப்படித் தப்பினார்?

பதில்: அவர் எலெண்டிலின் நேர் வாரிசு, கல் அவருடைய வீட்டுச் சொத்து. அப்படியிருந்தும் சாருமானிடமிருந்து வந்த ஆர்தங்க் கல்லைத் தன் விருப்பத்துக்குத் திருப்பப் படாத பாடு பட்டார், வெளியே வரும்போது முகமே களைத்துப் போயிருந்தது.

அதற்கு முந்தைய இரவு, சிற்றுருவ இனமான ஹாபிட்களில் ஒருவனான பிப்பின் ஆசை அடங்காமல் அதே கல்லைப் பார்த்துவிட்டான். சௌரான் அவனைச் சாருமானிடம் சிக்கிய ஹாபிட் என்று நினைத்துக்கொண்டான், கல் இடம் மாறியது அவனுக்குத் தெரியாது. அடுத்த நாள் அதே கல்லில் எலெண்டிலின் வாரிசு தோன்றி, மறுபடி வடித்த பழைய வாளையும் காட்டினால் அவன் என்ன நினைப்பான்? தான் தேடிக்கொண்டிருந்த மோதிரம் இவன் கைக்கு வந்துவிட்டது என்று பதறி, படையை அவசரமாகக் கிளப்பினான். அராகார்னும் பொய் சொல்லவில்லை, பாருங்கள். உண்மையில் ஒரு பகுதியை மட்டும் காட்டினார். டெனெதோரை வீழ்த்திய அதே வழி, இந்த முறை சௌரான் பக்கமே திரும்பியது.

கேள்வி: கல்லை உடைக்க முடியுமா?

பதில்: மனிதர்களால் முடியாது. ஆர்தங்க் கோபுரத்தின் மேலிருந்து விட்டெறிந்தபோது படிக்கட்டுதான் சிதறியது, கல்லுக்குக் கீறல்கூட இல்லை. எரிமலைச் சூடு போன்ற பெருநெருப்பு உடைக்கலாம் என்று சிலர் நம்பினார்கள். சௌரானின் கோட்டை இடிந்தபோது அங்கிருந்த மினாஸ் இதில் கல் அப்படித்தான் அழிந்திருக்கும் என்பது அவர்கள் ஊகம்.

கேள்வி: நான் எழுதும் நாவலில் தொலைவைக் காட்டும் கண்ணாடி ஒன்று வருகிறது. சக்தியை எப்படித் தீர்மானிப்பது?

பதில்: சக்தியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அதால் எது முடியாது என்று முதலில் எழுதுங்கள், எதற்காகச் செய்யப்பட்டது என்று எழுதுங்கள், இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் முட்டிக்கொள்ள வேண்டும். ஆறுதலுக்காகச் செய்த பொருள், இருட்டில் பார்க்காத பொருள், எதிரியின் கையில் ஒன்று: கதை அங்கேயே நகர ஆரம்பித்துவிடும்.

கேள்வி: கடைசியில் எத்தனை கற்கள் மிச்சம்?

பதில்: ஆர்தங்க் கல் அராகார்னிடம் இருந்தது. டெனெதோர் கையில் பிடித்தபடி எரிந்துபோன கல்லும் இருந்தது, ஆனால் மிகுந்த மன உறுதி இல்லாத யார் பார்த்தாலும் நெருப்பில் வதங்கும் இரண்டு முதிய கைகள் மட்டுமே தெரிந்தன.

எமின் பெரைட் கல்லைப் பற்றி யாருமே கேட்கவில்லை. மற்ற ஆறோடும் அதற்குப் பேச்சே கிடையாது. கடலைத் தாண்டி மேற்கே மட்டும்தான் அது பார்க்கும், பழைய வீட்டின் நினைவு வந்தபோது எலெண்டில் அங்கே போய் நிற்பார். அவர் இறந்த பிறகு எல்ஃப்கள் அதைக் காத்தார்கள். 3021-இல் எல்ஃப் தலைவர் எல்ரோண்ட் கப்பலில் ஏறியபோது அந்தக் கல்லையும் ஏற்றிக்கொண்டு, அது அத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்த திசைக்கே போனார்கள்.