பதில்: வெள்ளவத்தை தொடர்மாடியில் அப்பாவுக்கு வாகனத் தரிப்பிடம்

சக்கர நாற்காலி பாவிக்கும் உங்கட அப்பாவின் காருக்கு, லிஃப்டுக்குப் பக்கத்து இடத்தில் சக்கர நாற்காலிக் குறி அடித்துத் தருகிறோம் என்று தொடர்மாடி முகாமைத்துவக் குழு சொன்னதாக எழுதியிருந்தீங்கள்; அதை உடனே ஏற்காதீங்கோ. முதலில் டேப் பிடித்து அளவுங்கோ. கிட்ட இருப்பதைவிட அகலம்தான் முக்கியம்.

சாதாரண இடம் 2.4 மீற்றர் அளவில்தான் இருக்கும். கதவை முழுதாகத் திறந்து நாற்காலியைச் சீட்டோடு அணைக்க, பக்கத்தில் இன்னும் 1.2 மீற்றர் வெறும் தரை வேண்டும்; மொத்தம் 3.6. எங்கட கார்களில் அப்பா முன்சீட்டில் இடப்பக்கம் இருப்பார். ஆகவே நேராக உள்ளே விட்டால் அந்த வெற்றிடம் இடப்பக்கம், ரிவர்ஸில் விட்டால் மறுபக்கம். அங்கே தூண் நின்றால் அந்த இடமே சரிவராது.

தரையில் மட்டும் குறி அடித்தால் கார் ஏறியதும் மறைந்துவிடும். சுவரில் மும்மொழிப் பலகையும் கேளுங்கோ. வெற்றிடத்துக்குக் குறுக்குக் கோடு அடிக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும், நிச்சயம்!

லிஃப்டுக்கு முன் 15 சென்ரிமீற்றர் படி இருந்தால் 1:12 சரிவில் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) 1.8 மீற்றர் சாய்தளம் தேவை. குட்டையாகப் போட்டால் நாற்காலி பின்னால் சரியும்.

குழுவுக்கு எழுதும் கடிதத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளைக் குறிப்பிட்டு, அளவுகளைக் குறித்த படத்தையும் இணையுங்கோ.