வளர்ச்சி வந்தால் வன்முறை போய்விடுமா?

கேள்வி: ஐயா, யாழ்தேவி ரயில் திரும்பவும் ஓடுகிறது, வங்கிகளும் கடைகளும் பெருகிவிட்டன. பொருளாதாரம் வளர்ந்தாலே நாட்டில் இனிச் சண்டை வராது என்கிறான் என் மகன். சரியா? – ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: பாதி சரி, தங்கச்சி. உள்நாட்டுப் போர்கள் ஏழை நாடுகளில்தான் அதிகம். ஆனால் வளர்ச்சி யார் வீட்டுக்கு வந்தது என்று கேட்காவிட்டால் எங்கள் கதையே விளங்காது.

நான் யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் வளர்ந்தவன். 1970க்குப் பிறகு இறக்குமதியை இறுக்கினார்கள். கொழும்பில் பாணுக்குக் கியூ, எங்கள் பக்கத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கண்டறியாத விலை. பிடி கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்ட வெங்காயத்தை லொறி படலைக்கே வந்து ஏற்றும். அந்தக் காசில்தான் அப்பா இறைப்பு மெசின் வாங்கினார், கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஆட்சி இறக்குமதியைத் திறந்துவிட்டது. நாடு வேகமாக வளர்ந்தது, அதை மறுக்க மாட்டேன். 1978இல் கொழும்புக்குக் கிட்டக் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, பிறகு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. எங்களுக்கு வந்தது வெளிநாட்டு மிளகாய். செத்தல் மூட்டை விலைபடாமல் கிடக்க, அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது.

நட்டம் மட்டும் என்றால் சனம் தாங்கியிருக்கும். அதே வீட்டுப் பிள்ளைக்குத் தரப்படுத்தலால், அதாவது தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் இடம் என்றாக்கிய அனுமதி முறையால், பல்கலைக்கழக வாசல் ஒடுங்கியிருந்தது. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956இன் சட்டத்துக்குப் பிறகு அரச உத்தியோகமும் எட்டாமல் போனது. தோட்டம், படிப்பு, வேலை மூன்றிலும் தமிழன் என்பதால்தான் இந்த நிலை என்று அவன் நினைத்தான். இப்படி ஓர் இனத்தின் மேலேயே எல்லா இழப்பும் குவிவதுதான் மிகவும் ஆபத்தானது என்று பிரான்சிஸ் ஸ்டூவர்ட் என்ற பொருளியல் அறிஞர் எழுதியிருக்கிறார். எனக்கும் அதுதான் படுகிறது. பொருளாதாரம் மட்டும் காரணம் என்று சொல்லவும் மாட்டேன்: 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் 83 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தையும் வெங்காய விலையில் அடக்க முடியாது.

மலேசியாவைப் பாருங்கள். மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே நடந்த 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை கொண்டுவந்து மலாய் மக்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். வறுமை வெகுவாகக் குறைந்தது, அந்த அளவில் கலவரம் திரும்பவும் வரவில்லை. ஆனால் தோட்டத் தமிழருக்கு அந்தப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை. 2007 நவம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் கோலாலம்பூர் தெருவில் இறங்கினார்கள்.

அதனால் மகனிடம் கேளுங்கள்: புதிதாக வந்த வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தன, எத்தனை பேரைக் கடன்காரர் ஆக்கின?