படிப்பு அறைக்குக் காசு கட்ட முதல் போனைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் உயர்தரம், கணிதப் பிரிவு. சின்ன ஃபிளாட், ஹோலில் இருந்துதான் படிப்பு, ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் காலி வீதியின் (Galle Road) வாகன இரைச்சல். இரவிரவாகப் படித்தும் ஒன்றும் மனதில் நிற்கவில்லையாம். மாதக் காசு கட்டி ஏசி போட்ட படிப்பு அறை ஒன்றில் விடலாமா?

வேண்டாம். வாகன இரைச்சலுக்குக் காது பெரும்பாலும் பழகிவிடும். டிவி அப்படியில்லை, புரிகிற பேச்சு காதில் விழுந்தால் மூளை அதன் பின்னால் போகும், அதனால் அவன் படிக்கிற நேரம் சீரியல் பார்க்கிறவர்கள் ஹெட்போன் போடட்டும். தனி அறை இல்லையே என்று கவலைப்படாதீர்கள், ஒரே இடத்தில் இருந்துதான் படிக்கவேண்டும் என்றில்லை. ஒரே சொற்பட்டியலை இரண்டு வேறு அறைகளில் படித்தவர்கள் ஒரே அறையில் படித்தவர்களை விடக் கூட நினைவில் வைத்திருந்தார்கள் என்று 1978இலேயே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிரச்சினை போன். 'பக்கத்தில் வைத்திருப்பான், ஆனால் படித்துக்கொண்டுதான் இருப்பான்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக நடப்பதில்லை அம்மா, மாறி மாறித் தாவுகிறான். மனது ஒரு நேரத்தில் பிடித்து வைப்பது ஏறக்குறைய நாலு விஷயம்தான். தொகையீட்டுக் கணக்கில் பிரதியீடு போட்டு, எல்லைகளை மாற்றி, முன்னால் நிற்கிற மைனஸ் குறியையும் பிடித்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் சத்தம் போட்டால் முதலில் தொலைவது அந்த மைனஸ். திரும்பி வந்து முதல் வரியில் இருந்து தொடங்குவான். களைப்பு முழுசு, கணக்கு பாதி. போனை சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைப்பதெல்லாம் சரிவராது, வேறு அறையில் உங்கள் கையில் இருக்கட்டும்.

படிப்பு அறைக்குப் போனால் போனும் கூடத்தானே போகும்? மற்றப் பிள்ளைகளின் போனும் இருக்கும். கனடாவில் 2013இல் வந்த ஓர் ஆய்வில், விரிவுரை நேரம் மடிகணினியில் வேறு வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணில் படுகிற மாதிரி இருந்தவர்களுக்கும் புள்ளி குறைந்தது. ரியூசன் வாசலில் நின்று 'நல்ல இடம், நான் சேர்த்துவிடுகிறேன்' என்று ஆள் பிடிப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கலாம். அவரே அடுத்த மாதம் கைரேகையை ஸ்கேன் பண்ணி மூளையின் பலம் சொல்கிறவரிடமோ, கண்ணைக் கட்டி வாசிக்கப் பழக்குகிறவரிடமோ அனுப்பவும் கூடும். இவற்றுக்கு அறிவியல் ஆதாரம் துளியும் கிடையாது. ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. டியூட் (வகுப்பில் கொடுக்கிற பயிற்சித்தாள்) வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, என்ன செய்வது என்பீர்கள். சரி, வரட்டும். நீங்களே இறக்கி, கீழே கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். பதிவு செய்த பாடம் என்றால் இன்டர்நெட்டில் இருக்கும்போதே இறக்கி வைத்து, பிறகு டேட்டா, வைஃபை இரண்டையும் நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். வகுப்பு நேரலை என்றால் போன் வேண்டும்தான், ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும், முடிந்த உடனே திரும்ப உங்கள் கைக்கு. 'குரூப்பில் ஒரு சந்தேகம் கேட்கவேண்டும்' என்பான். சந்தேகத்தைக் கொப்பியில் எழுதி வைத்து, படிப்பு முடிந்தபிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கலாம்.

பாடசாலை ஒன்றரைக்கு விட, அப்படியே வகுப்பு, அதுக்குப் பிறகும் வகுப்பு, இரவு பத்தரைக்கு குரூப்பில் 'நாளைக்கு இதையும் செய்து வா' என்று ஒரு டியூட். பிள்ளையிடம் கவனம் இல்லை என்று பிறகு குறை சொல்வதும் இதே ஆசிரியர்கள்தான். பின்னேரம் ஆறு மணிக்கு முதல் அனுப்பச் சொல்லி நீங்களே அவரிடம் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும், காசு கட்டுவது நீங்கள்தானே.